விரல் கிழியாமல் புளூஸ் வராதா?

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பதினான்கு வயதுப் பேரன் ஆசையோடு வாங்கிய கிற்றார் நான்காம் மாதத்திலேயே கட்டிலின் கீழ் போய்விட்டதாம். "அவனுக்குப் பொறுமை இல்லை, அப்பா" என்பது அவளுடைய தீர்ப்பு. தொலைபேசியைப் பேரனிடம் கொடுக்கச் சொன்னேன். யாருடைய வாசிப்பைக் கேட்டு இந்த ஆசை வந்தது என்று கேட்டேன். பி. பி. கிங் என்றான். வாங்கியது எந்தக் கிற்றார் என்றேன். அக்கூஸ்ரிக் என்றான். பி. பி. கிங்கைக் கேட்டுவிட்டு ஏன் அக்கூஸ்ரிக் வாங்கினாய் என்றேன். ஆசிரியர் அப்படித்தான் சொன்னாராம். முதல் இரண்டு வருடம் அக்கூஸ்ரிக். விரல் நுனிகள் காய்த்துப்போன பிறகு மின் கிற்றார். அதற்கு முன் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கோபம் வந்தது. ஏனெனில் இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், 1974 ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு அறையில் நானே கேட்டிருக்கிறேன். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. உலகம் எத்தனையோ முறை தலைகீழாகிவிட்டது. இந்த ஒரு உபதேசம் மட்டும் கடல் கடந்து, பத்திரமாக என் பேரனின் கட்டில்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு நாளிதழில் இரவுநேர உதவி ஆசிரியனாக இருந்தேன். பக்கங்கள் அச்சுக்குப் போனபின் விடியும்வரை சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருப்பது என் பழக்கம். அப்படித் திருகியபோது ஒருநாள் பி. பி. கிங் அகப்பட்டார். 1970 இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்ற "த திரில் இஸ் கோன்" என்ற பாடல் அது. பாடகர் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் கிற்றார் ஒரேயொரு சுரத்தை எடுத்து, அதை மேலே இழுத்து, நடுங்கவைத்து, அழவைத்துவிட்டு ஓய்கிறது. பாடியது யார், பதில் சொன்னது யார் என்று பிரித்தறிய முடியாத ஒரு சம்பாஷணை. இதைத்தான் கற்கவேண்டும் என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆசிரியரின் சொற்படி ஓர் அக்கூஸ்ரிக் கிற்றார் வாங்கினேன். அதன் தந்திகளுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு பென்சிலைச் செருகலாம். விரல் நுனி வெடித்தது. ஆசிரியர் மகிழ்ந்தார். இரத்தம் வந்தால்தான் வித்தை வரும் என்றார். வானொலியில் கேட்ட அந்த அழுகையை எப்படி எடுப்பது என்று கேட்டபோது, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார். ஐந்தாம் மாதத்தில் நிறுத்திவிட்டேன். எனக்குப் பொறுமை இல்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் நம்பினேன்.

நான் இசைக்கலைஞன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நாற்பது ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன். ஒரு கூற்று மேசைக்கு வந்தால், இதை முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார், சொன்னதில் அவருக்கு என்ன இலாபம் என்று விசாரிப்பது எங்கள் தொழில். அந்த விசாரணையை இந்த உபதேசத்தின்மீது நடத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உபதேசத்துக்கு மூன்று தூண்கள் உண்டு. ஒன்று, அக்கூஸ்ரிக்தான் புளூஸின் வேர், மின் கிற்றார் பின்னால் வந்த ஆடம்பரம் என்பது. இரண்டு, கடினமானதில் தொடங்கினால் விரல்கள் உரம்பெறும் என்பது. மூன்று, ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வந்துவிடும் என்பது. மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

முதலாவது தூண் வரலாறு. 1920களிலும் 30களிலும் மிசிசிப்பி டெல்ரா என்னும் பருத்தி வயல் நிலத்தில் வாழ்ந்த கறுப்பினக் கலைஞர்கள் அக்கூஸ்ரிக் கிற்றாரில்தான் வாசித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதை அவர்கள் தூய்மை கருதித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பொய். தபாலில் பொருள் விற்ற கம்பனிகளின் விலைப்பட்டியலில் சில டொலருக்குக் கிடைத்த மலிவான கிற்றார் அது. கிடைத்ததை வாசித்தார்கள். அதையும் இயன்றவரை உரத்து வாசித்தார்கள். சனிக்கிழமை இரவு ஆட்டக் கொட்டகையில், நூறு சோடிக் கால்கள் மரத்தரையை மிதிக்கும் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டுமே! சார்லி பற்றன் கிற்றாரைத் தலைக்குப் பின்னால் பிடித்தும் வாசித்தவர். 1927 இல் உலோக உடலும் உள்ளே கூம்புத் தகடும் கொண்ட நெஷனல் கிற்றார் வந்தது. அதன் ஒரே நோக்கம் சத்தம். சன் ஹவுஸும் புக்கா வைற்றும் அதை விரும்பி ஏந்தினார்கள். மின்சாரம் வருவதற்கு முன்பே மின்சாரத்தின் வேலையைத் தகரத்தால் செய்துபார்த்த மனிதர்கள் அவர்கள். அவர்களை அமைதியின் காவலர்களாகச் சித்திரிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மின்சாரம் வந்தபோது என்ன செய்தார்கள்? இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்கள். இதற்கு ஒரு பத்திரிகைச் சான்று உண்டு. பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சான்று. 1943 ஜனவரியில் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் "சிக்காகோ டிபென்டர்" பத்திரிகையில் ஒரு பத்தி எழுதினார். புதுவருட இரவில் ஒரு மதுச்சாலையில், குளிர்பெட்டியின் மேல் அமர்ந்து மின் கிற்றார் வாசித்த மெம்பிஸ் மினி என்ற பெண்ணைப் பற்றியது அது. அந்த ஒலி அவருக்கு ஆலைகளின் ஓசையை நினைவூட்டியது. மெம்பிஸ் மினி 1929 முதல் இசைத்தட்டுகளில் பாடியவர். தெற்கின் மண்ணில் வளர்ந்தவர். வேர் வேண்டுமென்றால் இதைவிட ஆழமான வேர் எது? அந்த வேரே குளிர்பெட்டியின்மேல் ஏறி மின்சாரத்தில் வாசித்தது.

அடுத்தது மடி வோட்டர்ஸ். 1941 ஆம் ஆண்டு, நாட்டாரிசை ஆய்வாளர் அலன் லோமக்ஸ், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பாடல்களைப் பதிவுசெய்தபடி ஸ்ரோவல் பெருந்தோட்டத்துக்கு வந்தார். அங்கே தொழிலாளியாக இருந்த இளைஞர் மடி வோட்டர்ஸ் அக்கூஸ்ரிக் கிற்றாரில் ஒரு பாடலைப் பாடினார். 1943 இல் அவர் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தார். நகரத்து மதுச்சாலைகளின் இரைச்சலில் அக்கூஸ்ரிக் எவருக்கும் கேட்கவில்லை. மின் கிற்றாருக்கு மாறினார். 1948 இல் அதே பாடலை வேறு தலைப்பில், மின் கிற்றாரில், ஒரேயொரு பாஸ் துணையோடு பதிவுசெய்தார். இசைத்தட்டு விரைவாக விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்கள், அவரைப்போலவே தெற்கிலிருந்து பெட்டி படுக்கையோடு நகரத்துக்கு வந்த மக்கள். அவர்களில் எவரும் இதில் மின்சாரம் கலந்துவிட்டது, இது எங்கள் இசையல்ல என்று திருப்பிக் கொடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

அப்படியானால் தூய்மைவாதம் எங்கே பிறந்தது? வெளியே பிறந்தது. இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களும், நாட்டாரிசை ஆர்வலர்களும், பெருநகர மண்டபங்களின் இரசிகர்களும் பெற்றெடுத்த பிள்ளை அது. 1938 டிசம்பரில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் நடந்த புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு ரொபேட் ஜோன்சனை அழைக்க எண்ணினார்கள். அவர் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதமே இறந்துவிட்டார். பதிலாக வந்தவர் பிக் பில் புரூன்சி. பல ஆண்டுகளாகச் சிக்காகோவில் வாழ்ந்து, ஏராளமான இசைத்தட்டுகள் வெளியிட்ட நகரத்துக் கலைஞர். மேடையிலோ அவரைக் கிராமத்துக் குத்தகை விவசாயியாக அறிமுகம் செய்தார்கள். 1951 முதல் ஐரோப்பா சென்றபோதும் அதே கோலம்: தனி மனிதர், அக்கூஸ்ரிக் கிற்றார், வயலின் மணம். இரசிகர்கள் விரும்பிய உடுப்பை அவர் உடுத்திக்கொண்டார். பிழைப்பு அல்லவா?

1958 இல் மடி வோட்டர்ஸ் இங்கிலாந்துக்குப் போனார். புரூன்சியைப்போல் ஒருவரை எதிர்பார்த்திருந்த சிலருக்கு அவருடைய மின் கிற்றார் அதிர்ச்சியாக இருந்தது. இரைச்சல் என்று விமர்சகர் சிலர் முகஞ்சுழித்தார்கள். நல்ல மனிதர், இவர்களுக்கு மென்மையான பழைய வாசிப்புத்தான் வேண்டும் போலும் என்று எண்ணி, அடுத்தமுறை அக்கூஸ்ரிக்கோடு போனார். அதற்குள் அங்கே ஓர் இளந்தலைமுறை மின் கிற்றாருக்காகக் காத்துக்கொண்டிருந்தது! அந்நாட்களில், 1964 இல், அவருடைய இசைத்தட்டு நிறுவனம் "ஃபோக் சிங்கர்" என்ற பெயரில் அவருடைய அக்கூஸ்ரிக் இசைத்தட்டொன்றையும் வெளியிட்டது. அருமையான இசைத்தட்டு, இன்றும் கேட்கிறேன். ஆனால் அது ஆதிக்குத் திரும்பிய யாத்திரை அன்று. நாட்டாரிசைச் சந்தைக்கு அனுப்பப்பட்ட சரக்கு.

கடைசிக் காட்சி 1965 நியூபோர்ட் விழா. போல் பட்டர்பீல்டின் மின் புளூஸ் குழு மேடையேறவிருந்தது. அறிமுகம் செய்தவர் அதே அலன் லோமக்ஸ். இந்தப் பிள்ளைகளால் புளூஸ் வாசிக்க முடியுமா என்ற ஐயம் தொனிக்க அவர் பேசினார். ஆத்திரமடைந்த முகாமையாளர் அல்பேர்ட் குரொஸ்மனும் அவரும் கைகலந்து மண்ணில் உருண்டார்கள். அந்தக் குழுவின் மேளகாரரும் பாஸ் வாசித்தவரும், டெல்ராவின் மைந்தரான ஹௌலின் வூல்ஃபின் குழுவில் வாசித்துவிட்டு வந்த கறுப்பினக் கலைஞர்கள் என்பதை நினைவிற் கொள்க. லோமக்ஸுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. அவர் போயிராவிட்டால் 1941 இன் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திராது. ஆனால் ஒலிப்பதிவு செய்தவர் ஒருவர், வாழ்ந்தவர் இன்னொருவர். ஓர் ஏழைக் கலைஞன் ஏழ்மையின் கருவியோடேயே நிற்கவேண்டும் என்று கேட்பவர், அவனுடைய இசையைக் காட்டிலும் அவனுடைய ஏழ்மையை நேசிக்கிறார். என் பேரனின் ஆசிரியர், தம்மையறியாமலே, அந்த நேசத்தைத்தான் பாடத்திட்டமாக்கி வைத்திருக்கிறார்.

இரண்டாவது தூண் விரல். இங்கே சற்றுக் கணக்குப் பார்ப்போம். சாதாரண அக்கூஸ்ரிக் கிற்றாரின் மிக மெல்லிய தந்தி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு தடிப்பானது. மின் கிற்றாரில் அது 10 அல்லது 9 பங்கு. மூன்று பங்குதானே என்று எண்ணவேண்டாம். ஒரே நீளத்தில், ஒரே சுருதியில், தந்தியின் இழுவிசை தடிப்பின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 12 ஐயும் 9 ஐயும் ஒப்பிட்டால், அக்கூஸ்ரிக் தந்தி நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் அதிக இறுக்கமானது. இன்னொன்று: அக்கூஸ்ரிக்கில் மூன்றாம் தந்தியின்மேல் உலோகக் கம்பி சுற்றப்பட்டிருக்கும், மின் கிற்றாரில் பெரும்பாலும் அது வெறும் தந்தி. மின் புளூஸின் அழுகையில் பெரும்பகுதி அந்த மூன்றாம் தந்தியையும் இரண்டாம் தந்தியையும் மேலே இழுப்பதில்தான் இருக்கிறது. சுற்றிய தந்தியை ஒரு முழுச் சுரம் உயர இழுப்பது பழகிய கைக்கே பெரும்பாடு. பதினான்கு வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது கற்பாறை.

ஆகவே ஆசிரியர் கடினமான பாதையைக் காட்டவில்லை. அந்த ஊருக்குப் போகாத பாதையைக் காட்டியிருக்கிறார். பி. பி. கிங்கின் சுரம் ஒலித்தபடி நிற்கவேண்டும். நின்றால்தான் அதை நடுங்கவைக்க முடியும். அக்கூஸ்ரிக்கில் சுரம் பிறந்தவுடனேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டு வருடமல்ல, இருபது வருடம் விரல் காய்த்தாலும் அந்த விதி மாறாது.

வலியால் கைவிட்டவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. கைவிட்டவர்களை எவரும் எண்ணுவதில்லை. தப்பிப்பிழைத்தவர்கள்தான் பின்னர் ஆசிரியர்களாகி, தாங்கள் பட்ட வலியே தங்களை உருவாக்கியது என்று போதிக்கிறார்கள். எரிக் கிளப்ரனையே எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதில் அவருக்குக் கிடைத்த முதற் கிற்றார், ஹொயர் என்ற ஜேர்மன் தயாரிப்பு, மலிவான அக்கூஸ்ரிக். வாசிக்கக் கடினமாக இருந்ததால் அவர் ஆர்வமிழந்து சிலகாலம் அதைத் தள்ளியே வைத்துவிட்டார். பின்னர் திரும்பி வந்தார். உலகம் ஒரு கலைஞரைப் பெற்றது. திரும்பி வராத கிளப்ரன்கள் எத்தனை பேர்? அவர்களுக்கும் பொறுமை இல்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது தூண், ஒன்று வந்தால் மற்றது வரும் என்பது. இதுதான் மூன்றிலும் நயமாக ஏமாற்றுவது. பாதி உண்மை இதில் உண்டு. பன்னிரண்டு தாள அளவுகளில் மூன்று சுரக்கூட்டுகள் சுழலும் புளூஸின் அடிப்படை அமைப்பு இரு கருவிகளுக்கும் பொது. விரல் வைக்கும் இடங்களும் பொது. ஆனால் கைகள் செய்யும் தொழில் வேறு.

மிசிசிப்பி ஜோன் ஹேர்ட்டைக் கேளுங்கள். 1928 இல் சில பாடல்களைப் பதிவுசெய்துவிட்டு, அவலோன் என்ற சிற்றூரில் விவசாய வேலைக்குத் திரும்பியவர். 1963 இல்தான் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவருடைய பெருவிரல் தடித்த தந்திகளில் மாறிமாறி நடந்துகொண்டே இருக்கும். ஏனைய விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். ஒரே மனிதர், ஒரே கிற்றார். பாஸும் தாளமும் மெட்டும் அதற்குள்ளேயே. எலிசபெத் கொற்றன் இடதுகைக்காரர். வலதுகைக்குரிய கிற்றாரை அப்படியே கவிழ்த்துப் பிடித்து, மெட்டைப் பெருவிரலாலும் பாஸை மற்ற விரல்களாலும் வாசித்தார். சிறுமியாக இருந்தபோது 3 டொலர் 75 சதத்துக்குக் கிற்றார் வாங்கியவர். பின்னர் பல பத்தாண்டுகள் அதைத் தொடாமல் இருந்துவிட்டு, சீகர் குடும்பத்தின் வீட்டில் பணிசெய்த காலத்தில் மீண்டும் எடுத்தவர். இவர்களின் இசை அக்கூஸ்ரிக்குக்கே உரியது. அதன் மரத்தின் மூச்சும் தந்தியின் உடனடி மங்கலும் அந்த இசைக்குத் தேவை. ஒவ்வொரு சுரமும் அடுத்ததற்கு இடம்விட்டு விலகுகிறது.

பி. பி. கிங்கோ சுரக்கூட்டுகளில் தமக்குத் தேர்ச்சி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். தாளத்தைச் சுமக்க ஒரு முழுக் குழு இருந்தது. உறவினரான புக்கா வைற், தந்தியின்மேல் உலோகத்தை வழுக்கி எழுப்பிய ஒலியில் மயங்கினார். அந்த வழுக்கு வித்தை தமக்குக் கைவராததால், வெறும் விரலை நடுங்கவைத்து அதற்கு நிகரான ஒலியைத் தேடினார். ரி-போன் வோக்கரின் மின் கிற்றார் அவருக்குத் திசை காட்டியது. ஒருவருக்கு வராத வித்தையிலிருந்து இன்னொரு வித்தை பிறந்தது. ஜோன் ஹேர்ட்டின் பெருவிரலை இரண்டு வருடம் பயின்றால் பி. பி. கிங்கின் நடுக்கம் வந்துவிடும் என்பது, வீணை படித்தால் நாதசுரம் வந்துவிடும் என்பதற்குச் சமம். இராகம் பொது, மூச்சு வேறு.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ். சோடித் தந்திகள் கொண்ட சாதாரண மாண்டலினில் சுரம் நிற்காது. நிற்காத சுரத்தில் கமகம் எங்கே? அவர் ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்தார். கர்நாடக இசை கெட்டுப்போகும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். 2014 இல் அவர் மறைந்தபோது அந்த அச்சத்தை எவரும் நினைவுகூரவில்லை. சுரத்தை இழுத்து அசைத்து உயிரூட்டும் மரபில் வளர்ந்த நமக்கு, நின்று ஒலிக்கும் தந்தியின் தேவையை அயலார் வந்து விளக்கவேண்டியதில்லை.

மறுதரப்பையும் விடப்போவதில்லை. மின் கிற்றார் எளிது, அதனால் அதில் தொடங்கு என்று சொல்லும் கூட்டம் ஒன்றும் இப்போது கிளம்பியிருக்கிறது. அதுவும் பொய். மின் கிற்றாரில் விரல் நோவு குறைவு. காதின் வேலை அதிகம். வாசிக்காத தந்திகளும் அம்பிளிபயரில் முனகும். இரு கைகளாலும் அவற்றை அடக்கப் பழகவேண்டும். இழுத்த தந்தி உரிய சுருதிக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் அறை முழுவதும் அந்தப் பிழை ஒலிக்கும். மிகை ஒலியைக் கூட்டிப் பிழையை மறைக்கலாம் என்ற சபலமும் உண்டு. அக்கூஸ்ரிக் பிழையை மறைக்காது. அது அதன் பெருமை. அத்துடன் அம்பிளிபயர் தனிச்செலவு. மின்சாரமும் வேண்டும். 2022 இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது, என் மின் கிற்றார் சுவரோரம் ஊமையாகச் சாய்ந்து கிடந்தது. பக்கத்துவீட்டு இளைஞர் முற்றத்தில் அக்கூஸ்ரிக் வாசித்தார். தெருவே கூடிக் கேட்டது. அன்று எந்தக் கருவி உயர்ந்தது என்று என்னைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஆகவே என் வாதம் மின் கிற்றாருக்காக அன்று. கேள்வியைத் திருத்துவதற்காக. எந்தக் கருவியில் தொடங்குவது என்று கேட்காதீர்கள். எந்தப் பாடல் உங்களைத் தூங்கவிடவில்லை என்று கேளுங்கள். பாடலின் பெயர் கிடைத்தால் கருவியின் பெயர் அதற்குள் இருக்கும்.

ஜோன் ஹேர்ட்டும் எலிசபெத் கொற்றனும் உங்களை இழுத்தால் அக்கூஸ்ரிக் வாங்குங்கள். ஒரேயொரு சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலை மட்டும் இரண்டு தந்திகளில் மாறிமாறி நடக்கவிடுங்கள். அது தூக்கத்திலும் நடக்கும்வரை மெட்டைத் தொடவேண்டாம். ரொபேட் ஜோன்சன் இழுத்தாலும் அக்கூஸ்ரிக்தான். 1936 இலும் 1937 இலும் அவர் பதிவுசெய்த 29 பாடல்களில் இரண்டு கிற்றார்கள் ஒலிப்பதாகவே பலருக்கு முதலில் தோன்றும். அங்கே போய்ச்சேர வருடங்கள் ஆகும், ஆனால் பாதை சரியான பாதை. பி. பி. கிங்கோ, அல்பேர்ட் கிங்கோ, படி கையோ என்றால் மின் கிற்றார். மெல்லிய தந்தி போடுங்கள். மூன்றாம் தந்தியில் இரண்டு பிரெற் மேலேயுள்ள சுரத்தை முதலில் வாசித்துக் காதில் நிறுத்துங்கள். பிறகு கீழிருந்து தந்தியை இழுத்து அந்தச் சுரத்தைத் தொடுங்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். மடி வோட்டர்ஸைப்போல் போத்தல் கழுத்தை விரலில் மாட்டி வழுக்க ஆசையென்றால் இரண்டும் சரி; 1941 க்கும் 1948 க்கும் இடையில் அதே பாடலை அவரே இரண்டிலும் வாசித்துக் காட்டிவிட்டார்.

எதை வாங்கினாலும், தந்தியின் உயரத்தைக் கடையிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். அக்கூஸ்ரிக்கிலும் 11 பங்குத் தந்தி போடலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தேவையற்ற வலி எந்தக் கலையிலும் பாடமாகாது. தேவையான வலி எப்படியும் வந்து சேரும். அதற்கு அழைப்பிதழ் அனுப்பவேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை முதல்நாள் வாசலில் வந்து நிற்கும்போது அதன் விரலைப் பார்க்காதீர்கள். என்ன கேட்டுவிட்டு வந்தாய் என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லையென்றால், ஒரு மாதம் கேட்கவையுங்கள். என்னிடம் 1974 இல் அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆண்டில், அறுபது வயதில், பழைய மின் கிற்றார் ஒன்றை வாங்கினேன். மூன்றாம் வாரம், ஒரு மாலையில், இழுத்த தந்தி சரியான இடத்தில் போய் நின்றது. நடுக்கம் சரியாக வரவில்லை. இன்றும் முழுமையாக வருவதில்லை. ஆனால் சிற்றலை வானொலியில் கேட்ட அந்தக் குரலின் தூரத்து உறவு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. சமையலறையிலிருந்த மனைவி, என்ன உடைந்தது என்று கேட்டார். முப்பத்தெட்டு வருடப் பொய் ஒன்று உடைந்தது என்று சொல்ல நினைத்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பேரனின் அக்கூஸ்ரிக்கை விற்கவேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அவனுக்கு ஜோன் ஹேர்ட்டைக் கேட்கத் தோன்றலாம். இப்போதைக்குப் பழைய மின் கிற்றார் ஒன்றும் சிறிய அம்பிளிபயரும் போதும். பணம் அனுப்பிவிட்டேன். ஆசிரியர் கோபித்துக்கொள்வார், அப்பா, என்கிறாள் மகள். கோபிக்கட்டும். அவருக்குப் பதில் எழுதத்தான் இந்தப் பக்கம் இருக்கிறது.